திரும்பி நிற்கும் சம்பந்தி

எனக்கும் என் சம்பந்திக்கும் நடுவில் ஒரு ஜன்னல் உண்டு. கம்பி போட்ட ஜன்னல் இல்லை. ஓட்டல் சமையலறைச் சுவரில் பெரிய ஓட்டை போட்டு, அடியில் ஒரு எவர்சில்வர் பலகை பதித்த ஜன்னல். இந்தப் பக்கம் நின்று நான் தட்டை நீட்டுவேன். அந்தப் பக்கம் நின்று அவர் வாங்கிக்கொண்டு போவார். என் மகளும் அவர் மகனும் கல்யாணம் பண்ணிக்கொள்வதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலிருந்தே இதுதான் ஏற்பாடு. நான் சமையல், அவர் சர்வர்.

மற்ற சம்பந்திகள் எப்போதாவது பார்த்துக்கொள்வார்கள். நல்ல துணியாக உடுத்திக்கொண்டு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாங்கள் தினமும் பார்த்துக்கொள்கிறோம், அதுவும் வேர்த்து வழிந்துகொண்டு. நான் ‘சம்பந்தி, சம்பந்தி’ என்று ஜன்னல் வழியாகக் கத்துவதைக் கேட்டுக் கேட்டு ஓட்டல் முழுக்க அவரை சம்பந்தியம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பாத்திரம் கழுவுகிறவருக்கு அவர் சம்பந்தியம்மா, கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு சம்பந்தியம்மா, காய்கறி வண்டிக்காரருக்கும் சம்பந்தியம்மா. ஒரே ஒரு மகனை வைத்துக்கொண்டு ஊருக்கே சம்பந்தி ஆனவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது. தப்பு என் பக்கம் இல்லை. அடுப்பில் நாலு சட்டி கொதித்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் அவர் முகம் தெரியும். “சம்பந்தி, அந்த மூலை டேபிள் பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லு இல்ல. கறி இன்னும் கொஞ்சம் வேகட்டும்” என்பார். “பல்லைப் பாத்துட்டா வந்தீங்க?” என்பேன். “சிரிச்சாரு, தெரிஞ்சுது” என்பார். அடுத்த தட்டுக்கு, “இந்தப் பொண்ணு அழுதுட்டு வந்திருக்கு. சூப் கொஞ்சம் கூடவே ஊத்துங்க.” அதற்கடுத்த தட்டு, “இவங்க ரெண்டு பேரும் சண்டையில இருக்காங்க, ஒரே தட்டுல வைக்காதீங்க, தனித்தனியா வைங்க.” நான் சமைக்க வந்தேனா, ஊர்க் கதை கேட்க வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. உப்பு தூக்கல் என்று யாராவது சொன்னால் அது சுடச்சுட உள்ளே வந்துவிடும். மீன் பிரமாதம் என்று சொன்னால் மட்டும் வெளியிலேயே தீர்ந்துபோகும். கேட்டால், “நல்லா சமைக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியுமே, அதை வேற சொல்லணுமா” என்பார்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு செருப்புக் கடையில் இருந்தார். வருகிறவர்களை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, தான் கீழே உட்கார்ந்து, காலில் மாட்டிப் பார்த்து, கழற்றி, வேறு அளவு எடுத்துவந்து, மறுபடி மாட்டி. பாதத்தைப் பார்த்தே ஆள் நின்று வேலை பார்க்கிறவரா உட்கார்ந்து வேலை பார்க்கிறவரா என்று சொல்லிவிடுவேன் என்பார். பீற்றல்தான் என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஓட்டலுக்கு வந்த முதல் நாளே என் காலைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு இடது குதிகால்தானே வலிக்குது?” என்று கேட்டார். இடதுதான். வலதுதான் என்று பொய் சொல்லி அனுப்பினேன். வந்த அன்றைக்கே ஒரு ஆளை ஜெயிக்க விடக்கூடாது பாருங்கள்.

அதே முதல் நாள் நடந்த இன்னொரு கூத்து ஓட்டலில் இன்றைக்கும் ஓடுகிறது. ஒரு வாடிக்கையாளர் சாப்பிட்டு முடித்து, பில்லுக்குப் பணம் கொடுத்து, மேலே கொஞ்சம் சில்லறையைத் தட்டில் விட்டுவிட்டுப் போனார். சம்பந்திக்கு டிப்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. செருப்புக் கடையில் யார் டிப்ஸ் வைப்பார்கள்? பாவம் மனுஷர் மறந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்து, சில்லறையை அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினார். அந்த ஆள் பஸ்ஸில் ஏறிவிட்டார். இவரும் ஏறிவிட்டார். ஏறி, அந்த ஆளின் கையைப் பிடித்துச் சில்லறையை வைத்து, “பத்திரமா வச்சுக்கோங்க சார்” என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தார். மேஜைகள் எல்லாம் காத்துக் கிடந்தன. அப்போது எங்கள் பெரிய முதலாளி உயிரோடு இருந்தார். அவர் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கல்லாவுக்கு அடியில் குனிந்துகொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விஷயத்தை எடுத்துச் சொன்ன பிறகு அவர் டிப்ஸை வாங்க ஆரம்பித்தார். ஆனால் அதிலும் தனக்கென்று ஒரு தினுசு. அதுவரை எந்த சர்வருக்கு விழுந்த காசு அந்த சர்வருக்கு என்றுதான் இருந்தது. இவர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து சமையலறை ஃபிரிஜ் மேல் வைத்தார். தனக்கு விழுந்ததையெல்லாம் அதில் போட்டார். வாரக் கடைசியில் எல்லாருக்கும் ஒரே மாதிரி பிரித்தார். எனக்கும், பாத்திரம் கழுவுகிறவருக்கும், தரை துடைக்கிற அக்காவுக்கும். “ருசியா இருந்துச்சுன்னுதானே வைக்கிறாங்க. சமைச்சது நீங்க, தட்டைக் கழுவினது அவரு. நான் நடுவுல தூக்கிட்டுப் போனேன், அவ்வளவுதானே” என்றார். மற்ற சர்வர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருத்தராக டப்பாவில் போட ஆரம்பித்தார்கள். அவர் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு தினுசுதான் இந்தக் கதை. பில்லை ஒரு சின்னத் தட்டில் வைத்து, மேலே ஒரு துணியை மடித்துப் போட்டு, மேஜை மேல் வைப்பார். வைத்த கையோடு திரும்பிவிடுவார். ஓரத்தில் இருக்கிற அலமாரிப் பக்கம் போய், வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கை துடைக்கிற துணிகளை மடிப்பார். அவர்கள் எழுந்து போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறவரைக்கும் திரும்ப மாட்டார். பிறகு தட்டைத் துணியோடு அப்படியே எடுத்துக்கொண்டு வந்து, கல்லாக்காரர் பில் பணத்தை எடுத்துக்கொண்டதும் மிச்சத்தைப் பார்க்காமல் டப்பாவில் கவிழ்த்துவிடுவார். எந்த மேஜையில் எவ்வளவு என்று அவருக்குத் தெரியவே தெரியாது. இது ஏதோ கூச்சம், பஸ்ஸில் ஏறிப்போய் அசடு வழிந்ததில் வந்த வெட்கம் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். கேட்டதில்லை.

பெரிய முதலாளி காலமான பிறகு அவர் மகள் ஓட்டலைப் பார்த்துக்கொள்ள வந்தாள். சின்ன வயதில் என் அடுப்படியில் உட்கார்ந்து கேரட் தின்ற பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். முதலாளி ஆனதும் மேடம் என்று கூப்பிட வேண்டும்போல இருந்தது, வாய் வரவில்லை. கடைசியில் ரெண்டையும் சேர்த்து பாப்பா மேடம் ஆக்கிவிட்டோம். நல்ல பிள்ளை. வந்த புதிதிலேயே எனக்குப் புகைபோக்கி மாற்றிக் கொடுத்தாள்.

அவள் வந்த அதே சமயத்தில் ஓட்டலுக்கு வருகிற கூட்டமும் மாறியது. எதிர்த் தெருவில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடம் வந்தது. மத்தியானம் ஆனால் இளசுகள் கும்பலாக வந்து தெருப் பக்க ஜன்னலோரத்து நாலு மேஜையையும் பிடித்துக்கொள்வார்கள். அந்த நாலும் சம்பந்தி பரிமாறுகிற மேஜைகள். எனக்கு அந்தக் கும்பலைக் கண்டாலே ஆகாது. நான் ஆவி பறக்க சூப் அனுப்பினால் அதைப் படம் எடுப்பார்கள். மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, ஸ்பூனோடு ஒன்று. சூப் ஆறிப்போய்ப் போஸ் கொடுத்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்ததும் எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள், ஏதோ உபகாரம் பண்ணுகிற மாதிரி. மேல் தட்டின் எண்ணெய் கீழ்த் தட்டின் முதுகில் ஒட்டி, கழுவுகிறவருக்கு ரெட்டை வேலை.

டிப்ஸ் மட்டும் வைக்க மாட்டார்கள். ஃபோனை நீட்டி பில்லுக்குப் பணம் அனுப்பிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். பிஸ்கட் டப்பாவில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கை வராது சம்பந்தி” என்று நான் பொருமுவேன். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். என் சம்பந்தி ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஒரு நாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால், பாப்பா மேடம் ஒரு மெஷினைக் கொண்டுவந்தாள். உள்ளங்கை அகலம் இருக்கும். அதில் கார்டைக் காட்டலாம், ஃபோனைக் காட்டலாம். பில் பணத்தோடு சேர்த்து, டிப்ஸ் எவ்வளவு என்று அதுவே கேட்கும். கொஞ்சம், நடுத்தரம், நிறைய என்று மூன்று கட்டம். நாலாவது கட்டத்தில் ‘வேண்டாம்’.

“சின்னப் பசங்களுக்கு எவ்வளவு வைக்கிறதுன்னு தெரியல, அதனால வைக்கிறதே இல்ல” என்றாள். “இதை நீங்க கையில புடிச்சுக்கிட்டு அவங்க முன்னாடி நின்னா போதும். உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு யாரும் ‘வேண்டாம்’னு அமுக்க மாட்டாங்க.”

மற்ற சர்வர்கள் வாங்கிப் பார்த்தார்கள். சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“நான் இதைப் புடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன் பாப்பா.”

பாப்பா மேடம் சத்தம் போடவில்லை. தன் ஃபோனைத் திறந்து எங்களுக்குப் படித்துக் காட்டினாள். சாப்பிட்டுப் போனவர்கள் எழுதியது. ‘சாப்பாடு அருமை. பரிமாறும் அம்மா அன்பானவர். ஆனால் பில் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.’ இன்னொன்று, ‘அந்த அம்மாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லையோ?’ இப்படிப் பல பேர் எழுதியிருந்தார்கள். “இது கடைக்கு நல்லதில்லம்மா. நான் அவசரப்படுத்தல. ஒரு வாரம் யோசிங்க. மெஷின் வேணாம்னா சமையல்ல ஆள் குறையுது, உள்ள வந்துடுங்க. சம்பளம் அதேதான். உங்களுக்கும் நின்னு நின்னு கால் வலிக்காது” என்றாள். குரலில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. அதனால்தான் அது இன்னும் வலித்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப சந்தோஷம் எட்டிப் பார்த்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருஷம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு உத்தரவு போட்டவர், இனி இந்தப் பக்கம் வந்து எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். அந்த சந்தோஷம் மத்தியானம் வரைகூட நிற்கவில்லை. கூட்ட நேரத்தில் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். ஒரு கையில் மூன்று தட்டு, இன்னொரு கையில் தண்ணீர் ஜாடி. ஒரு சின்னக் குழந்தை நாற்காலியில் எட்டாமல் தத்தளித்துக்கொண்டிருந்தது. போகிற போக்கில் இடுப்பாலேயே அந்த நாற்காலியை மேஜைக்கு நெருக்கித் தள்ளிவிட்டுப் போனார், நடையில் ஒரு தடுமாற்றம் இல்லை. இந்த மனுஷியை என் அடுப்படியில் கொண்டுவந்து உட்கார வைத்தால் அது உருப்படுமா என்று நினைத்தேன். வெங்காயம் யார் வேண்டுமானாலும் உரிக்கலாம்.

அந்த வாரம் முழுக்க அவர் என்னோடு சண்டை போடவில்லை. நான் வேண்டுமென்றே ஒரு நாள் சூப்பில் மிளகைக் கூட்டினேன். தட்டு திரும்பி வந்தது, ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. என் மகளிடம் வீட்டில் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “அத்தை சாயங்காலம் வந்ததும் எண்ணெய் தேய்ச்சுக் கால் நீட்டி உக்காந்துடறாங்க, பேச்சே இல்ல. மாமா ஏதாவது ஜோக் அடிச்சாக்கூட சிரிக்கிறதில்ல” என்றாள். அவர் வீட்டுக்காரர் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர், அவர் ஜோக்குக்கு யாருமே சிரிப்பதில்லை, சம்பந்தியைத் தவிர.

வாரம் முடிகிற அன்று மத்தியானம் அந்த ஆபீஸ் கும்பல் வந்தது. வழக்கம்போலப் படம், வழக்கம்போலச் சிரிப்பு. சாப்பிட்டு முடித்தார்கள். சம்பந்தி பில் தட்டை வைத்தார், திரும்பினார், அலமாரிப் பக்கம் போய் நின்றுகொண்டார். அப்போது அந்தக் கும்பலிலிருந்து ரெண்டு பேர் எழுந்து நேரே என் ஜன்னலுக்கு வந்தார்கள். பெரிய மூக்குக் கண்ணாடி போட்ட பெண் ஒன்று, கழுத்து நீண்ட பையன் ஒன்று.

சாப்பாட்டில் ஏதோ குறை சொல்லத்தான் வருகிறார்கள் என்று கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றது அந்தப் பெண், குரலைத் தணித்துக்கொண்டு. “அந்த அம்மாவுக்கு டிப்ஸ் வச்சா கோவம் வருமா?”

“என்னது?”

“இல்லக்கா, முதல் தடவை வந்தப்பவே வைக்கலாம்னு பர்ஸை எடுத்தோம். அதுக்குள்ள மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. எங்கம்மாவும் இப்படித்தான். காசு குடுத்தா பிடிக்காது, திரும்பி நின்னுப்பாங்க.”

பையன் சொன்னான், “எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்கா. புதுசா சேர்றவங்களுக்கும் சொல்லிடுவோம். அந்தக் கடையில அந்தம்மா டேபிள்ல உக்காந்தா காசு வைக்கக்கூடாது, அவங்க மனசு கஷ்டப்படும்னு. அதுக்குப் பதிலாத்தான் தட்டையெல்லாம் அடுக்கி வைப்போம். அவங்களுக்கு வேலை குறையுமேன்னு.”

“இன்னைக்கு இவனுக்குப் பிறந்தநாள். ஏதாவது செய்யணும்போல இருக்கு. அதான் உங்களைக் கேட்டுட்டு...” என்று இழுத்தாள் அவள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். இத்தனை நாளாக இவர்களைக் கருமிகள் என்று வாயார வைதிருக்கிறேன். இவர்களோ ஒரு ஆபீஸையே கூட்டிவைத்து, எங்கள் சம்பந்தியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அந்த எண்ணெய்த் தட்டு அடுக்குக்கூட ஒரு மரியாதை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“கோவமெல்லாம் வராது கண்ணு” என்றேன். “நீங்க வைக்கிறதை அவங்க பாக்கக்கூடாதுன்னு திரும்பிக்கிறாங்க. வேணாம்னு இல்ல.”

“ஏங்கா பாக்கக்கூடாது?”

அதுதான் எனக்கும் தெரியாதே. “அது அவங்க தினுசு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போய் மேஜையில் குசுகுசுவென்று பேசினார்கள். கையில் காசு வைத்திருக்கிற ஆளைத் தேடி ஒருத்தர் பையை ஒருத்தர் துழாவினார்கள். ஒரு வழியாகத் தட்டுத் துணிக்கு அடியில் எதையோ செருகிவிட்டு, திருடர்கள் மாதிரி நுனிக்காலில் நடந்து வெளியே போனார்கள்.

கூட்டம் குறைந்த பிறகு நானும் சம்பந்தியும் பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். அன்றைக்கும் உட்கார்ந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். மூக்குக் கண்ணாடி கேட்டது, பையன் சொன்னது, தட்டு அடுக்குகிற காரணம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல்.

அவர் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார், துடைத்த பிறகும் கண்ணீர் நிற்கவில்லை.

“சம்பந்தி, நான் என்ன நினைச்சேன் தெரியுமா?” என்றார். “எனக்குக் கை தேஞ்சு போச்சுன்னு நினைச்சேன். வயசாயிடுச்சு, முன்ன மாதிரி பரிமாறத் தெரியல, அந்தப் பசங்களுக்கு நான் வர்றதே பிடிக்கலன்னு நினைச்சேன். வாயத் திறந்து சொல்லாம, காசு வைக்காம சொல்றாங்கன்னு. இன்னைக்குப் பாப்பாகிட்ட உள்ளயே வந்துடறேன்னு சொல்லத்தான் இருந்தேன்.”

இதைத்தான் இந்த மனுஷி ஒரு வாரமாக நெஞ்சில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். நானோ மிளகைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன்.

“அப்ப ஏன் திரும்பித் தொலைக்கிறீங்க?” என்றேன். கோபம்தான் வந்தது எனக்கு. “முன்னாடி பாத்துக்கிட்டு நின்னா என்ன குடியா முழுகிடும்?”

அவர் பதில் சொல்வதற்குள் பாப்பா மேடம் பின்வாசலுக்கே வந்துவிட்டாள். கையில் அந்த மெஷின். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

“யோசிச்சீங்களாம்மா?”

“யோசிச்சேன் பாப்பா. நான் வெளியவேதான் இருப்பேன். மெஷினைப் புடிக்க மாட்டேன்” என்றார் சம்பந்தி. சோற்றுக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். “பில்லை வச்சிட்டு ஒரு வார்த்தை சொல்றேன். ‘வைக்கணும்னு தோணுச்சுன்னா வைங்க, தோணலைன்னா வேணாம், ரெண்டையும் நான் பாக்க மாட்டேன்’னு. சொல்லிட்டுத் திரும்பிக்கிறேன். இது வரைக்கும் சொல்லாம திரும்பினது என் தப்பு. பெரியவங்களுக்கு அது புரிஞ்சுது, சின்னவங்களுக்கு அதை யாரும் சொல்லல.”

நான் குறுக்கே புகுந்து, ஜன்னலில் நடந்ததை பாப்பா மேடத்துக்கும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவள் மெஷினைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“சரி, கோவம் இல்ல, பிடிக்காததும் இல்ல. அப்ப பாக்கறதுல என்னம்மா கஷ்டம்? எனக்கு நிஜமாவே புரியல.”

சம்பந்தி சோற்றுக் கையைத் தட்டு ஓரத்தில் வழித்துக்கொண்டார்.

“பாத்தா மறக்காது பாப்பா” என்றார். “எனக்கு ஞாபகசக்தி அப்படி. யாரு எந்த டேபிள்ல என்ன சாப்பிட்டாங்கன்னு வருஷம் கழிச்சும் சொல்வேன். யாரு வச்சாங்க, யாரு வைக்கலைன்னு ஒரு தடவை பாத்துட்டேன்னா அதுவும் மறக்காது. அடுத்த தடவை வைக்காத புள்ள வந்து உக்காரும்போது என் கை கொஞ்சம் குறையும். வேணும்னு இல்ல. தண்ணி ஊத்த ஒரு நிமிஷம் லேட்டாகும், ரொட்டி அடியில இருக்கிறது வரும். குறையும் பாப்பா. நான் ஒண்ணும் தெய்வம் இல்ல. அந்தப் புள்ளைகிட்ட அன்னைக்குக் காசு இல்லாம இருந்திருக்கலாம். அதனால பாக்கறதில்ல. பாக்கலைன்னா எல்லாரும் எனக்கு ஒண்ணுதான்.”

இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம். கூச்சம் என்று நினைத்தேனே. பாத்திரம் கழுவுகிறவர்கூடக் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாப்பா மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பொறுப்பு இருக்கிறது. கடையை அவள்தான் நடத்த வேண்டும், நாலு பேர் எழுதுவதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்கும் அவங்களுக்கும்தான் தினம் சண்டையாச்சே. அதனால நீங்க பூசி மெழுக மாட்டீங்க. வர்றதெல்லாம் சின்னப் பசங்க. ஜன்னலோரம் நாலு டேபிளையும் இவங்களை நம்பி இப்படியே விடலாமா?”

ஊரில் யார் கேட்டாலும் என் மகள் கல்யாணத்தைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான். ரெண்டும் தானாகப் பேசி முடிவு பண்ணிக்கொண்டன, நான் என்ன செய்ய முடியும், சரி என்று தலையாட்டினேன் என்பேன். சம்பந்திக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் பிடிக்கவில்லை என்றால் தலையாட்டுகிற ஆளா நான்? என் பெண் வந்து சொன்ன அன்றைக்கு, பையன் யார், என்ன சம்பாதிக்கிறான் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. வருஷக்கணக்கில் இந்த ஜன்னல் வழியாகப் பார்த்ததை நினைத்துக்கொண்டேன். தெரியாத பிள்ளைகளுக்கே கேட்டுக் கேட்டு சூப் வாங்கிப் போகிற மனுஷி, என் பிள்ளையைப் பசியோடு படுக்க விடமாட்டார் என்று நினைத்துத்தான் சரி என்றேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. சம்பந்தியிடம் சொன்னால் அவருக்குத் தலை கனத்துவிடும்.

“பாப்பா” என்றேன், “நான் பெத்த பொண்ணையே இந்தம்மாவை நம்பித்தான் குடுத்தேன். நீ நாலு டேபிளைக் குடுக்க யோசிக்கிறியா?”

பாப்பா மேடம் எழுந்தாள். மெஷினைக் கொண்டுபோய்க் கல்லாவில் வைத்து, கார்டு வைத்திருக்கிறவர்கள் போகும்போது இங்கே தட்டிக்கொள்ளட்டும், சர்வர் யாரும் இதைத் தொட வேண்டாம் என்று கல்லாக்காரரிடம் சொன்னாள்.

சம்பந்தி கையைக் கழுவினார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். முன்வாசலில் யாரோ வருகிற சத்தம் கேட்டதும் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு தன் மேஜைகளைப் பார்த்து நடந்தார். அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.